கோட்டில் நின்றவள்

நேற்று இருட்டின பிறகு கேட்டதே ஒரு சத்தம், கழுத்தைப் பாதி அறுத்து விட்டுவிட்ட ஆடு கத்துகிற மாதிரி, அது எங்கள் கார்தான் எஸ்தர் அக்கா. உங்கள் கைக்குழந்தை தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்ததாகச் சொன்னீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குழந்தை இயலுக்குப் பழகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் "அப்பா" என்கிறாள்.

சாயங்காலம் வாசல் கேட்டுப் பக்கத்தில் நின்று என்னிடம் இரண்டு விஷயம் கேட்டீர்கள். அந்தச் சத்தம் என்ன என்பது ஒன்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டு வசந்தாமணி என்று ஒருத்தி வந்தாளாம், எங்கள் வீட்டில் இருந்தவளாம், அவளை நம்பிக் குழந்தையைக் கொடுக்கலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சிரித்தேன். இரண்டாவதுக்கு, "மெசேஜ் போடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இவர் மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கம் இருக்கிற ரேஸ் ட்ராக்குக்குக் கிளம்பிவிட்டார். இயல் தூங்குகிறாள். அதனால் நிதானமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். படித்ததும் அழித்துவிடுங்கள், சரியா?

நீங்கள் இந்த லேஅவுட்டுக்குப் புதிது. மற்றவர்கள் வாயில் கேட்பதைவிட என் வாயில் கேட்பது நல்லது. உங்களுடைய இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றேதான்.

கத்துவது பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைக்குப் பேர் பேட். உங்கள் காரில் பெடலில் கால் வைத்ததும் அது பிடிக்கும். எங்கள் காரில் இருப்பது ரேஸுக்கு உண்டானது. நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். ஆறிக் கிடந்தால் கத்தும், வழுக்கும். சாப்பாடு ஆறிப்போனால் இலையை மூடிவிட்டு எழுந்து போகிற சம்பந்தி மாதிரி. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தேர்ந்தெடுத்தபோது உட்கார்ந்து படித்துச் சொன்னவளே நான்தானே.

போன ஆனி மாதம் ட்ராக்கில் நீளமான நேர் ரோடு முடிகிற வளைவில் இவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் தரைவரைக்கும் போய்விட்டதாம். பிரேக் ஆயில் கொதித்துப்போயிருக்கிறது. கார் நேரே போய் மணலில் புதைந்தது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இவர் சிநேகிதர் ஜெயந்த் இருக்கிறாரே, ஸ்பின்னிங் மில்காரர், எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிற மஞ்சள் கார் அவருடையதுதான், அவர் எல்லார் முன்னாலும் சொன்னாராம்: "சிபி பீச்சுக்குப் போயிட்டான்டா. ஆராச்சும் ரெண்டு பொட்டலம் சுண்டல் வாங்கிட்டுப் போங்க."

இவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

இதே காரில்தான் திங்கள் முதல் சனிவரை எங்கள் இரும்பு ஃபவுண்டரிக்குப் போவார். இயலுக்குத் தடுப்பூசி போட இதில்தான் போனோம். ஞாயிற்றுக்கிழமையானால் இதுவே ட்ராக்கில் ஓடும். இரண்டுக்கும் ஒரே கார், ஒரே பிரேக். அங்கேதான் சிக்கல். ட்ராக்கில் தாங்குகிற பேட் ரோட்டில் காலையில் பால் வாங்கப் போகும்போது பிடிக்காது. ரோட்டில் நன்றாகப் பிடிக்கிற பேட் ட்ராக்கில் நாலு சுற்றில் தீய்ந்துபோகும். என்ன போடுவது என்று அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் இதே பேச்சு. இவருக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. எல்லாம் இங்கிலீஷில், பக்கம் பக்கமாக, சின்னச் சின்ன எழுத்தில். "நீதான் கான்வென்ட்டாச்சே, படிச்சுச் சொல்லு அம்மிணி" என்று ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுச் சோபாவில் படுத்துக்கொள்வார். ஒரு கையில் இயலுக்குப் பால், ஒரு கையில் பிரேக் பேட். குன்னூரில் சிஸ்டர்கள் எங்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி, நிறுத்தி, தெளிவாக, அடிக்குறிப்பையும் விடாமல். எத்தனை டிகிரியில் பிடிக்க ஆரம்பிக்கும், எத்தனை டிகிரியில் விட்டுவிடும், முன் சக்கரத்துக்கு மட்டும் பெரிதாகப் போட்டால் பின் சக்கரம் என்ன ஆகும், எல்லாம் படித்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுநடுவே, "மறுக்கா படி" என்பார்.

உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாணத்தில் நல்ல மாதங்கள் அவைதான். இவர் என்னிடம் அவ்வளவு பேசினதே கிடையாது. கெட்டவர் இல்லை அக்கா. கை ஓங்குவார், அடித்தது கிடையாது.

நான் சொன்னது இதுதான். பிரேக் ஆயிலைக் கொதி தாங்குகிறதாக மாற்றலாம். முன் பம்பருக்குள் ஒரு குழாய் வைத்துத் தட்டுக்கு நேரே காத்து அடிக்கிற மாதிரி செய்யலாம். பேட் இரண்டுக்கும் நடுவாக ஒன்று. பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் பெரிதாக வேண்டாம், அதைப் போட்டால் சக்கரத்தையும் பெரிசாக மாற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு வேகமாக ட்ராக்கில் போக ஆசையென்றால் ரேஸ் பேட் ஒரு செட் தனியாக வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் மாற்றிக்கொள்ளட்டும். ஒரு மணி நேர வேலை.

இவர் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டார். அப்புறம் ஒருநாள் ஜெயந்த் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"என்னங்க மேடம், குழாய் வச்சுக் காத்து அடிக்கப் போறீங்களாமா? பிரேக்குக்கா, அடுப்புக்கா?"

நான் சிரித்துக்கொண்டே தோசையைப் போட்டேன்.

"சிபி, உங்க ஊட்ல பிரேக் யாரு கால்ல இருக்குதுன்னு இப்பத்தான்டா தெரியுது."

இவரும் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். மறுநாள் காலையில் ஆறு பிஸ்டன் காலிப்பர், சிவப்புக் கலர், இருக்கிறதிலேயே உக்கிரமான ரேஸ் பேட், அதற்குத் தகுந்த புதுச் சக்கரம், எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டுவிட்டார். சனிக்கிழமை மாற்றிக்கொள்ளும் யோசனையை மட்டுமாவது கேளுங்கள் என்றேன்.

"வாரா வாரம் ஜாக்கி வச்சுட்டுச் சக்கரத்துக்குக் கீழ உக்காரச் சொல்றியா? நீ படிச்சவரைக்கும் போதும், உள்ள போ."

உள்ளே போய்விட்டேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பயம்தான். ஏன் பயம் என்றால், ட்ராக்குக்குப் போகிற இவர்கள் குழுவில் கோடு என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் வசந்தாமணி கதை உங்களுக்குப் புரியும்.

யார் புதிதாக டயர் போட்டாலும் பிரேக் போட்டாலும், ஆளில்லாத ரோட்டில் கோலமாவில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டை ஒட்டி, கார்க்காரர் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். கார் எண்பதில் வரும். குறிப்பிட்ட இடத்தில் பிரேக் அடித்துக் கோட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். நிற்கிறவர் அசையக் கூடாது. பெரும்பாலும் பெண்டாட்டிதான் நிற்பாள். ஜெயந்த் மனைவி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள், அந்த வீடியோ எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. ஒரு பெண் கடைசி நிமிஷத்தில் பக்கத்தில் குதித்துவிட்டாள். அவள் புருஷனை இன்னமும் "குதிரைக்காரன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், குதிக்கிறதைக் கட்டிக்கொண்டானாம். அவன் இப்போது வருவதே இல்லை. அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று கேள்வி.

நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். இவர் டயர் மாற்றினபோது. இயல் வயிற்றில் அஞ்சு மாசம். நின்றேன், அசையவில்லை. கார் வந்து நின்றபோது பானெட்டின் அனல் என் வயிற்றில் அடித்தது. இவர் இறங்கி வந்து எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது, குளிர்காய்ச்சல் மாதிரி. வசந்தாக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டாள்.

வசந்தாக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயதில் மூத்தவள். வேலைக்காரியை வா, போ என்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வாங்க, போங்கதான். ஃபவுண்டரிக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கு மசக்கை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களோடு. இயல் பிறந்த பிறகு குழந்தை அவள் மடியிலேயே கிடக்கும். இயல் முதலில் சொன்ன வார்த்தை "மணி". அம்மா இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை, சொல்கிறேன்.

புது பிரேக் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாட்டினார்கள். பூஜை அன்றைக்கே ஃபவுண்டரிக்குப் போகிற சிமெண்ட் ரோட்டில் கோடு என்று இவர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். நான் இவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். நிற்க மாட்டேன் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்ல முடியுமா? சூடு பண்ணிவிட்டு வாருங்கள் என்றுதான் கேட்டேன். புதுப் பேடைப் பழக்குவதற்கு வேகமாகப் போய்ப் போய்ப் பிரேக் அடிக்க வேண்டும், அது ஒருமுறை செய்தால் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அழுத்தமாக நிறுத்துவதற்கு முன்னால் திரும்பவும் சூடேற்ற வேண்டும். இரண்டும் வேறு வேறு. அதைப் படித்து, படித்ததைத் தமிழில் சொல்லி, காகிதத்தில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். "சரி சரி, செத்துப் போயிருவியா? சூடு பண்ணிட்டே வர்றேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

பண்ணவும் பண்ணினார். விடிகாலையில் எழுந்து பைபாஸில் பத்து தடவை பிரேக் அடித்துவிட்டு வந்தார். சக்கரத்துப் பக்கம் போனாலே கருகின வாசனை. "போதுமா அம்மிணி?" என்றார். கோட்டுக்கு முன்னால் திரும்பவும் சூடேற்ற வேண்டும் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு ஐயருக்கு ஊரெல்லாம் கம்பெனி. எங்கள் ஃபவுண்டரிக்கு வெயில் ஏறின பிறகுதான் வந்தார். கடைசல் மிஷினுக்கு, உலைக்கு, எடை மேடைக்கு, லாரிக்கு என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில்தான் காருக்கு வந்தார். அதுவரை கார் கொட்டகை நிழலில், மாலை போட்டுக்கொண்டு, பேசாமல் நின்றிருந்தது. ஐயர் புது காலிப்பரிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். அதற்கப்புறம் பொரி, கடலை, ஃபோட்டோ. தொழிலாளர்களுக்கு ஸ்வீட் பாக்கெட். கோடு போடும்போது ஜெயந்த் கூட்டம் முழுசும் வந்திருந்தது. சக்கரத்துப் பக்கம் போனேன். சந்தனம் காய்ந்து, வெடித்து, உதிர ஆரம்பித்திருந்தது. உள்ளங்கையைக் காட்டினேன். அனலே இல்லை.

"அம்மிணி, வா. நேரமாகுது" என்று இவர் கூப்பிட்டார்.

இயல் என் இடுப்பில் இருந்தாள். வசந்தாக்கா ஓடி வந்து கையை நீட்டினாள். "பாப்பாவ எங்கிட்டக் குடுங்கம்மா. நீங்க போயி நில்லுங்க." குழந்தை அவளிடம் தாவினாள். நான் விடவில்லை. இறுக்கிப் பிடித்ததில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பாப்பா விடவே மாட்டேங்கறாங்க" என்றேன். "வசந்தாக்கா நிக்கட்டுமே? அவங்களும் நம்ம வீட்டு ஆளுதானே."

ஜெயந்த்தான் கையைத் தட்டினார். "பாருடா, மேடம் சப்ஸ்டிட்யூட் இறக்கறாங்க!"

இவர் முகம் சிவந்தது. ஆனால் மறுக்கவில்லை. வீட்டு ஆள்தான் என்று எல்லாருக்கும் தெரியுமே.

வசந்தாக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நானுங்களா? படத்துல வருவனுங்களா? என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாங்க்கா. அசையாம நின்னா போதும். அசைஞ்சீங்கன்னா அவருக்கு அசிங்கமாப் போயிரும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கன்னத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளைச் சரியான இடத்தில் நிறுத்தினது நான்தான், காலைக் கோட்டோடு ஒட்டி. கார் தூரத்தில் திரும்புவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிற்று. பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன்: "பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க வசந்தாக்கா."

எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை, நான் நின்றபோது. நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றேன்.

அப்புறம் கொட்டகை நிழலுக்கு வந்துவிட்டேன். நீங்கள் கேட்பீர்கள், சூடு பண்ணச் சொல்லவில்லையா என்று. அக்கா, அங்கே முப்பது ஆம்பளைகள் நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நான் ரோட்டில் இறங்கி, "பிரேக் ஆறிப்போச்சு" என்று கத்தினால் இவருக்கு எப்படி இருக்கும்? அன்றைக்குத் தோசை சுடும்போது ஜெயந்த் சொன்னதையே இவர் மறக்கவில்லை. அதோடு சத்தியம் எனக்குப் பண்ணினது. நான் நின்றால் சூடு பண்ணுவதாகத்தான் பேச்சு. வேறு யாராவது நின்றால் என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

கார் வந்தது. குறித்த இடத்தில் பிரேக் அடித்தார். நேற்று நீங்கள் கேட்டீர்களே, அதே சத்தம். இவர் காலை முழுசாக வைத்து மிதித்தது எனக்குக் கொட்டகையிலிருந்தே தெரிந்தது, உடம்பு சீட்டில் பின்னால் அழுந்தியது. கார் மெதுவாகிக்கொண்டேதான் வந்தது. கோடு வரைக்கும் மெதுவாயிற்று, கோட்டைத் தாண்டியும் மெதுவாகிக்கொண்டேதான் போயிற்று. சைக்கிள் வேகம்கூட இருக்காது என்று ஜெயந்த் அப்புறம் சொன்னார். தண்ணீர்க் குடத்தைத் தரையில் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு ஓசை. அவ்வளவுதான்.

அவள் அசையவே இல்லை அக்கா. அதை நான் சொல்லியாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, சொன்னது சொன்னபடி நின்றாள். விழுந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் ஒரு கால் கிடக்க, "முடிஞ்சுதுங்களாம்மா?" என்றாள்.

இவர் இறங்கினதும் முன் பம்பரைத்தான் பார்த்தார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பொய். சக்கரத்தைப் பார்த்தார். காரை முன்னால் எடுப்பதா பின்னால் எடுப்பதா என்று பார்க்க வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கால். எல்லாச் செலவும் நாங்கள்தான் செய்தோம், தனி ரூம். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். இங்கிலீஷில் பேசத் தெரிந்தவள் நான்தானே. குழந்தையின் பந்து உருண்டு போயிற்று, அதை எடுக்கத் திடீரென்று காருக்குக் குறுக்கே ஓடிவிட்டாள் என்று சொன்னேன். பந்து எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது. சொன்ன பிறகு திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் வசந்தாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் புரிந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினாள். போலீஸ்காரர் வந்தபோது தமிழில் நானே சொன்னேன், அதற்கும் ஆட்டினாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ஜெயந்த் மட்டும் இன்னமும் சந்தனத்தைத்தான் குறை சொல்கிறார். ஐயர் பிரேக்கில் சந்தனம் வைத்ததால் வழுக்கிவிட்டதாம். இவரும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பேடை மாற்றவே இல்லை. அதே பேட்தான் நேற்றுக் கத்தினது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பந்துக் கதை லேஅவுட் முழுக்கப் பரவிவிட்டது. நான் பரப்பவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் கார் வருவதுகூடத் தெரியாமல் ரோட்டில் ஓடினாள், நல்லவேளை, இடுப்பில் குழந்தை இல்லை என்று ஆளாளுக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்கள். அதனால் யாரும் அவளைக் குழந்தை வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. பாத்திரம், வீடு துடைப்பது அவளால் முடியாது, ஒற்றைக் காலில் எப்படி? உட்கார்ந்து குழந்தையைப் பார்ப்பதுதான் அவளால் முடிந்த வேலை, அதுவும் கிடைப்பதில்லை. போன வாரம் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் கேட்டுவரை வந்தாள். காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

"மூலை ஊட்டுக்குப் புதுசா வந்திருக்கறாங்களே, எஸ்தரம்மா, அவிங்க பாப்பாவப் பாக்க ஆள் தேடறாங்களாமா. உங்களைக் கேப்பாங்கம்மா. நானாப் போயி கார்ல உழுகலைன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"சொல்றேன்க்கா" என்றேன்.

இப்போது சொல்லிவிட்டேன். அவள் தானாகப் போய் விழவில்லை. கவனக்குறைவு கிடையாது. இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை. இயலை ஒருநாள்கூட அழவிட்டதில்லை. கை சுத்தம். அவள் கேட்டபடி சொல்லியாயிற்று, என் மேல் பழி இல்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு தங்கை மாதிரி சொல்கிறேன், வேண்டாம் அக்கா.

யோசித்துப் பாருங்கள். உங்கள் குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. நீட்டின காலில் போட்டுத்தானே குளிப்பாட்ட வேண்டும். இயலைத் தீட்டுக் கழித்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் குளிப்பாட்டினாள், இரண்டு காலையும் சேர்த்து நீட்டி, நடுப் பள்ளத்தில் குழந்தையைக் கிடத்தி. ஒரு காலில் குழந்தை உருண்டுவிடாதா? அவள் செய்துவிடுவேன் என்பாள். அவள் எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டாள், அதுதானே பயம்.

அதோடு நீங்கள் இருப்பது மூலை வீடு. தினமும் காலையிலும் சாயங்காலமும் என் ஜன்னலைத் தாண்டித்தான் அவள் போய் வர வேண்டும். இயல் பார்ப்பாள், "மணி" என்று ஓடுவாள். இவர் காரைத் திருப்பும்போதெல்லாம் அவள் ரோட்டோரம் நிற்பாள். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் உங்களிடம் பேச ஆரம்பிப்பாள், நீங்களும் நல்லபடியாகக் கேட்பீர்கள், அப்புறம் என்ன ஆகும்? நான் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறவள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தது கிடையாது, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம் என்று தினமும், கான்வென்ட்டில் சிஸ்டர் கொடுத்த மாதா படத்துக்கு முன்னால் கேட்கிறேன். நீங்களும் ஒரு அம்மா. உங்களுக்குப் புரியும். வேறு ஆள் நானே பார்த்துத் தருகிறேன்.

இப்போதுதான் எழுந்து போய்விட்டு வந்தேன். ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வரிக்கு முன்னால் எழுதிக்கொண்டிருந்தபோதே வாசலில் அவள் குரல். இவர் கார் இல்லாததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் போல.

"அம்மா, நாந்தானுங்க. எஸ்தரம்மா கேட்டாங்களாமா? சொல்லிட்டீங்களா?"

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன்: "சொல்லிட்டே இருக்கேன்க்கா."

"நல்லதாங்கம்மா?"

"நல்லதுதான்."

"சாமி, நீங்க நல்லா இருக்கோணும்." மூச்சு வாங்குவது கேட்டது. அவ்வளவு தூரம் கட்டையில் நடந்து வந்திருக்கிறாள். "பாப்பா முழிச்சிருக்குதுங்களா? ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போயிர்றனுங்க. உள்ள வரலைங்க, இங்க நின்னே பாத்துக்கறன்."

"தூங்கிட்டாங்க" என்றேன்.

திரும்பினால் இயல் எனக்குப் பின்னால் நிற்கிறாள். எப்போது எழுந்தாளோ. அவளுக்கு அந்தக் குரல் போதும். "மணி, மணி" என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுக்கிறாள். கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டவில்லை. ஒரு விரற்கடை திறந்தும்விட்டது. வெளியே அவள், "ஐயோ, எஞ்சாமி, முழிச்சுட்டுத்தான் இருக்குதா" என்று கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிவது இடுக்கில் தெரிந்தது. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து பிரித்தேன். அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தி, உள்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன்.